தமுக்கடித்துத் திருப்பி வாங்கிய சோடா

எருமப்பட்டிச் சந்தையில் கோலிச் சோடா விற்ற பெரியநாயகி ஒன்றும் பெரிய மனுஷி இல்லை. அவள் பெயரில் தெருவும் கிடையாது, சத்திரமும் கிடையாது. கையெழுத்துப் போடச் சொன்னால் கட்டை விரலை நீட்டுவாள். ஆனால் தன் சரக்கை யாரும் குடிக்க வேண்டாம் என்று தானே காசு கொடுத்துத் தமுக்கடித்த வியாபாரி அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவள் ஒருத்திதான். அதற்காகவே அவள் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் பிறந்தது காவேரிக் கரைப் பக்கம். பதினாறு வயதில் குழந்தைவேலுக்கு வாழ்க்கைப்பட்டு எருமப்பட்டிக்கு வந்தாள். அவனுக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம், ஒரு ஜோடி மாடு, அடங்காத ஆசை. ஒரு முறை சேலத்துக்குப் போனவன் செவ்வாய்ப்பேட்டையில் சோடா குடித்துவிட்டு, அந்த மிஷின் சுற்றுவதை அரை நாள் நின்று பார்த்துவிட்டு வந்தான். அடுத்த மாதமே மாடுகளை விற்றுப் பழைய மிஷின் ஒன்றையும் பதினைந்து டஜன் பாட்டிலையும் வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். மாட்டை விற்றுக் காற்றை வாங்கி வந்திருக்கிறான் என்று ஊரே சிரித்தது. பெரியநாயகி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முதல் பாட்டிலின் கோலியை அமுக்கி உடைத்து அவள் கையில் கொடுத்தான். குடித்தாள், மூக்கில் ஏறிற்று, கண்ணில் தண்ணீர் வந்தது, சிரித்துவிட்டாள்.

நாலாம் வருஷம் மிஷினில் கேஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு பாட்டில் வெடித்தது. மிஷினின் கம்பி வலை மூடியைத் தூக்கி எட்டிப் பார்த்தது அவன் தப்புத்தான். இடது கண் அன்றோடு போயிற்று. வலது கண்ணில் வெயிலும் நிழலும் மட்டும் மிஞ்சின. மிஷினை விற்றுவிட வேண்டியதுதான் என்று உறவுக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். பெரியநாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாட்டிலைக் கையில் எடுத்தாள். அன்றிலிருந்து சக்கரம் அவனுக்கு, பாட்டில் அவளுக்கு. அவன் சுற்றுவான், உள்ளே தண்ணீர் புரளுகிற சத்தத்தை வைத்தே கேஸ் போதுமா என்று சொல்லிவிடுவான். பொம்பளை சோடா விற்பதா என்று ஆறு மாதம் ஊர் வாய் ஓயவில்லை. பிறகு சித்திரை வெயில் வந்தது. தாகம் எடுத்தவர்களுக்கு அந்தப் பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

அந்த நாளில் சோடா தாகத்துக்கு மட்டும் அல்ல. வயிறு உப்பினால் சோடா, புளித்த ஏப்பம் வந்தால் சோடா, கறி விருந்து அதிகமாகிப் போனவனுக்கு இஞ்சி சோடா, பேதி நிற்காதவனுக்கு உப்புப் போட்ட சோடா. இப்படிப் பொங்கி நுரைக்கிற தண்ணீரில் எந்தக் கெடுதலும் தங்காது என்று ஊர் நம்பிற்று. பெரியநாயகியும் மனசார நம்பினாள். "கேஸ் ஏறுன தண்ணி கங்கைத் தண்ணிங்க!" என்று கூவித்தான் விற்பாள்.

தண்ணீருக்கு அவள் போவது வக்கீல் பாலசுந்தரத்தின் தோட்டத்துக் கிணற்றுக்கு. அவர் நாமக்கல்லில் தொழில் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்கு வந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போவார். எடுக்கிற தண்ணீருக்குக் காசு கேட்காத மனிதர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் கோடை கடுமையாக இருந்தது. கிணறு வற்றி, கயிற்றின் நுனியில்தான் தண்ணீர் கிடைத்தது. வாரச் சந்தைக்கு முந்தின நாள் யாரும் எதிர்பாராத மழை ஒன்று கொட்டித் தீர்த்தது. மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் கிணறு இரண்டு ஆள் உயரம் ஏறியிருந்தது. தண்ணீர் கொஞ்சம் கலங்கல்தான். வெள்ளைத் துணியை நாலு மடிப்பாக மடித்து வடிகட்டினாள். "மாரியாத்தா கண்ணைத் தொறந்துட்டா" என்று சொல்லிக்கொண்டே குடம் குடமாகச் சுமந்தாள். அந்தச் சந்தையில் கொண்டுபோன சரக்கு அத்தனையும் விற்றுத் தீர்ந்தது.

அதற்கு அடுத்த நாள் வியாபாரம் இன்னும் ஜோராக நடந்தது. காலையிலேயே ஒன்பது பேர் இஞ்சி சோடா கேட்டு வந்தார்கள். எல்லோருக்கும் வயிற்று உபத்திரவம். மழைக்கு அப்புறம் இது சகஜம்தான் என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள். உள்ளூர, நல்ல யோகம் என்று சந்தோஷமும் பட்டாள். பின்னாளில் இந்தச் சந்தோஷத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பொன்னன் வந்தான். அவன் பண்ணையாள், அவன் பெண்டாட்டி ராமாயி ரோட்டு வேலைக்கு ஜல்லி சுமப்பவள். காலையில் ஒரு தடவை வந்து இரண்டு சோடா வாங்கிப் போயிருந்தான்.

"இன்னொண்ணு குடுங்கக்கா. அவளுக்கு இன்னும் நிக்கலீங்க" என்றான்.

"காத்தால ரெண்டு வாங்கிட்டுப் போனியே, பொன்னா?"

"ஆமாங்க. குடிச்சாக் கொஞ்ச நேரம் சும்மா கெடக்கறா. அப்புறம் மறுபடியும் வாந்தியும் பேதியும்."

"சந்தையில கண்டதைத் தின்னுருப்பா. வடை கிடை வாங்கித் தின்னாளா?"

"எங்கீங்கக்கா! ரெண்டு நாளாச் சோடாவைத் தவிர ஒண்ணுமே வாயில வைக்கலீங்க."

பெரியநாயகி பாட்டிலை நீட்டியிருந்தாள். பொன்னன் அதைப் பிடித்துவிட்டான். அவள் விடவில்லை. இரண்டு பேரும் ஒரே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றும் தின்னாதவளுக்கு எதனால் நிற்காமல் போகிறது? சோடாவைத் தவிர உள்ளே போனது வேறு எதுவும் இல்லையே! பாட்டிலை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இது வேண்டாஞ் சாமி" என்றாள். "அரிசிக் கஞ்சியை நல்லாக் கொதிக்க வெச்சு, உப்புப் போட்டு, ஆறவெச்சுக் குடு. என்ற சோடா இனிமே ஒரு சொட்டு குடுக்காதே."

அவன் போனதும் குழந்தைவேலைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள். கிணற்று மேட்டில் கால் வைப்பதற்கு முன்பே அவன் நின்றுவிட்டான்.

"ஏம் புள்ள, சாணி நாத்தம் அடிக்குதே. உனக்குத் தெரியலியா?"

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கண் தெரிந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஆட்கள் வெளிக்கு ஒதுங்குகிற மேடு ஒன்று உண்டு. மழை அந்த மேட்டையும் கொட்டகையையும் கழுவி, கிணற்று வரப்பை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருந்தது. வண்டல் படிந்த தடம் இன்னும் ஈரமாகவே கிடந்தது. மாரியாத்தா கண்ணைத் திறந்தாள் என்று அவள் கும்பிட்ட தண்ணீர் அதுதான். மூன்று நாளாக இந்தப் பக்கம் வந்து போகிறவள். ஏறின தண்ணீரைப் பார்த்தாளே தவிர, அது வந்த வழியைப் பார்க்கவில்லை.

"இதையா எல்லார்த்துக்கும் ஊத்திக் குடுத்தோம்?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தைவேல் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. "எத்தனை வெளிய இருக்குது?" என்று கேட்டான்.

சோடாக்காரர்களிடம் இந்தக் கேள்விக்கு எப்போதும் பதில் இருக்கும். உள்ளே இருக்கிற சோடாவை விடப் பாட்டிலுக்கு விலை அதிகம் என்பதால், எந்த வீட்டில் எத்தனை, எந்தக் கடையில் எத்தனை என்று அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். நூற்று முப்பத்திரண்டு. அதில் ஆறு டஜன் பக்கத்து ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு அன்று காலையில்தான் வண்டியில் போயிருந்தது. நோம்பி மறுநாள்.

வக்கீல் பாலசுந்தரம் தோட்டத்து வேப்பமரத்தடியில் கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டில்களைத் திரும்ப வாங்க வேண்டும், தமுக்கடிக்கலாமா, போலீஸில் சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவர் போலக் குரலைத் தணித்தார்.

"உனக்கென்ன பைத்தியமா? சந்தையில நூறு பண்டம் விக்குது. எதனால வந்துதுன்னு எந்தக் கொம்பனாலும் நிரூபிக்க முடியாது. நீயே தமுக்கடிச்சீன்னா, நாளைக்கு எவனாச்சும் பிராது குடுக்கறப்ப அந்தத் தமுக்குத்தான் சாட்சி. உன் தலையில நீயே கல்லைத் தூக்கிப் போட்டுக்காதே. கிணத்தை எறைச்சுச் சுத்தம் பண்ணச் சொல்றேன். பேசாம இரு."

"வெளிய இருக்கற பாட்டிலுங்க, சாமி?"

"ரெண்டு நாள்ல குடிச்சுத் தீந்துரும்."

அவர் கெட்டவர் இல்லை. அவள் மேல் அக்கறை வைத்துத்தான் சொன்னார். கிணறு தன்னுடையது என்பதும் அவருக்கு ஞாபகம் இல்லாமல் இருந்திருக்காது. சட்டப்படி அவர் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் பல வக்கீல்கள் சொல்லக்கூடும். ஆனால் குடித்துத் தீர்ந்துவிடும் என்று அவர் சொன்னதும் பெரியநாயகிக்கு மறுநாள் நோம்பிதான் நினைவுக்கு வந்தது. நோம்பிக்கு வருகிற குழந்தைகள் கலர் சோடாவுக்காகத் தகப்பன் வேட்டியைப் பிடித்து இழுப்பதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள்!

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வக்கீல் சொன்னதைப் புருஷனிடம் சொன்னாள்.

"மிஷின் போனாக் கூலிக்குப் போலாம் புள்ள" என்றான். "நீ தமுக்கடி."

தமுக்கடிக்கிற சின்னண்ணன் விஷயத்தைக் கேட்டதும் கோலைக் கீழே வைத்துவிட்டான். "மாடு காணாமப் போனதுக்கு அடிச்சிருக்கறேன், ஏலத்துக்கு அடிச்சிருக்கறேன். என்ற சரக்கை வாங்காதீங்கன்னு அடிக்கச் சொன்ன ஆளை இப்பத்தானுங்க பாக்கறேன். நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் ஆமாம் என்றாள். வாசகத்தை அவளே சொல்லிக் கொடுத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் எருமப்பட்டித் தெருக்களிலும், பிறகு நோம்பி நடக்கிற ஊரிலும் சின்னண்ணன் தொண்டை கிழியக் கூவினான்:

"இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், சோடாக்காரி பெரியநாயகியின் சோடாவிலே கெட்ட தண்ணி கலந்துபோச்சு! குடிச்சவங்களுக்குப் பேதி கண்டிருக்குது! யாரும் குடிக்க வேண்டாம், நோயாளிக்கும் குடுக்க வேண்டாம்! பாட்டிலை உடைக்காமத் திருப்பிக் குடுத்தாக் குடுத்த காசு திரும்பக் கிடைக்கும்!"

அவளும் வண்டியோடு கூடவே போனாள். சிலர் ஓடிவந்து கொடுத்தார்கள். சிலர் முகத்துக்கு நேரே காறித் துப்பினார்கள். நோம்பிக் கடைக்காரன் ஒருத்தன், வேறு ஆளுக்கு அதிக விலைக்கு விற்பதற்காகத் தந்திரம் பண்ணுகிறாள் என்று சண்டைக்கு வந்தான். அவன் கண் முன்னாலேயே ஒவ்வொரு பாட்டிலாகக் கோலியை அமுக்கி உடைத்துத் தெருவில் கவிழ்த்தாள். டப் டப் என்று ஆறு டஜனும் மண்ணில் போயிற்று. அவன் வாயை மூடிக்கொண்டு தன் பங்குக்குக் கடைசி நாலு பாட்டிலைத் தானே கவிழ்த்தான்.

மறுநாள் எண்ணிப் பார்த்தாள். காலியும் நிறைந்ததுமாக நூற்று முப்பத்தொன்று வந்திருந்தது. குறைந்த ஒரு பாட்டில் அருணகிரி என்கிற கிழவரிடம் இருந்தது. அவர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றார். முப்பது வருஷமாக வாயுத் தொல்லை. சோடாதான் தன் உயிர் என்றார். கெஞ்சினாள், மிரட்டினாள். கடைசியில் அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, "அப்ப என்ற கண்ணு முன்னாலயே குடிங்க, சாமி. நானும் பாதி குடிக்கறேன். ரெண்டு பேருமாப் போய்ச் சேரலாம்" என்றாள். கிழவர் அவளை முறைத்தார். பிறகு தலையணையைத் தூக்கினார்.

இரண்டு நாள் கழித்து நாமக்கல்லிலிருந்து சானிட்டரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கிணற்றில் சிவப்பு மருந்தைக் கொட்டினார். சோதனைக்கு அனுப்ப ஒரு பாட்டில் சரக்குக் கேட்டார். இல்லை என்றாள். "உன் பேர்ல கேஸ் எழுதத்தான் வந்தேன். எழுதறதுக்கு ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கலையே" என்று சலித்துக்கொண்டார். ஆனால் போவதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் தண்ணீரில் உண்டு. கேஸுக்கு அவை பயப்படாது, கொதிக்கிற வெந்நீருக்குத்தான் பயப்படும். பாட்டிலையும் வெந்நீரில்தான் கழுவ வேண்டும் என்றார். பத்து வருஷம் தெரியாமல் செய்த தொழிலைப் பெரியநாயகி அந்த அரை மணியில் தெரிந்துகொண்டாள்.

தமுக்கடித்த பிறகு புதிதாக யாரும் படுக்கவில்லை. படுத்தவர்களும் எழுந்துவிட்டார்கள். ராமாயி மட்டும் எழவில்லை. காய்ச்சல் வேறு கண்டு இரண்டு மாதம் கிடந்தாள். தலைமுடி கொட்டிப்போயிற்று. ரோட்டு வேலை போயிற்று. காதில் கிடந்ததை விற்றுத்தான் வைத்தியம் நடந்தது. பெரியநாயகி மூன்று தடவை கஞ்சிக்கு அரிசி கொடுத்து அனுப்பினாள். கடைசித் தடவை அரிசி அப்படியே திரும்பி வந்தது.

அரிசிக்குப் பின்னாலேயே சம்மனும் வந்தது. ராமாயியின் தம்பி மருதாசலம் நாமக்கல்லில் லாரிக் கிளீனராக இருந்தான். நாலு இடம் சுற்றி நாலு விஷயம் தெரிந்தவன். முதலில் ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டுப் பார்த்தான். வேண்டுமென்றா செய்தாள், அதுதான் தமுக்கடித்துச் சொல்லிவிட்டாளே, போங்கள் என்று பெரியவர்கள் அனுப்பிவிட்டார்கள். அவன் அதோடு விடவில்லை. பரம ஏழை என்று நிரூபித்தால் ஸ்டாம்புக் கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம் என்று ஒரு வக்கீல் சொல்ல, அக்காளை வண்டியில் உட்காரவைத்து அழைத்துப்போய் முன்சீப் கோர்ட்டில் நூறு ரூபாய் நஷ்ட ஈடு கேட்டுப் பிராது போட்டுவிட்டான்.

பெரியநாயகிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. "நாஞ் சொல்லலைன்னா அவளுக்கு எதனாலன்னு தெரிஞ்சிருக்குமா? சொன்னவளையே கோர்ட்டுக்கு இழுக்கறாளே, நல்லா இருப்பாளா?" என்று வாசலில் நின்று கத்தினாள். ஏற்கெனவே வியாபாரம் படுத்துவிட்டது. அண்டா அண்டாவாகத் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்துச் சோடா போட்டாலும் சீந்துவார் இல்லை. நூறு ரூபாய்க்கு மிஷினைத்தான் ஜப்தி பண்ண வேண்டும். அது போனால் கண் தெரியாத புருஷனுக்கு என்ன வேலை இருக்கிறது?

குழந்தைவேல் அவள் கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தான்.

"என்ற கண்ணு போனப்ப பாட்டல் பண்ணுன கம்பெனிக்காரன் எந்தச் சீமையில இருக்கறான்னுகூட நமக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நானும் கேட்டிருப்பேன்" என்றான். "அவளுக்கு நம்ம ஊடு தெரிஞ்சிருக்குது. கேக்கறா. இதுல என்ன தப்பு?"

அவள் அன்று முழுக்க அவன் பக்கம் திரும்பாமல் வெந்நீரில் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வழக்கைப் பாலசுந்தரமே காசு வாங்காமல் எடுத்துக்கொண்டார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. விசாரணை நாளில் ராமாயி தரப்பு முதலில் சின்னண்ணனைக் கூண்டில் ஏற்றிற்று. என்ன கூவினாய் என்று கேட்டார்கள். அவன் வெள்ளந்தியாகத் தெருவில் நின்று கூவுகிற அதே குரலில், "இதனால் சகலமானவர்களுக்கும்..." என்று ஆரம்பித்தான். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் பேனா கீழே விழுந்தது. முன்சீப், மெதுவாகச் சொன்னால் போதும் என்றார். மெதுவாகச் சொல்ல அவனுக்கு வரவில்லை. முழுவதையும் கூவிவிட்டுத்தான் இறங்கினான்.

பாலசுந்தரம் அசரவில்லை. தண்ணீரை யாரும் சோதிக்கவில்லை, சோடாவையும் சோதிக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை பயத்தில் கூவச் சொன்னது அத்தாட்சி ஆகாது என்று அடுக்கினார். பெரியநாயகிக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். கூண்டில் ஏறி, பயத்தில் சொன்னேன், எதனால் என்று எனக்குத் தெரியாது என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். மிஷின் பிழைத்துவிடும்.

அவள் கூண்டில் ஏறினாள். எதிரே பெஞ்சில் ராமாயி உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையை முந்தானையால் மூடியிருந்தாள். நாலு மாதத்துக்கு முன் தலையில் ஜல்லிக் கூடையோடு நடந்தவள், இப்போது சுவரில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கதவோரம் குழந்தைவேல் நின்றான். பாலசுந்தரம் கேள்வியைக் கேட்டார். பெரியநாயகி ராமாயியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் தடவையும் கேட்டார்.

முன்சீப் நிமிர்ந்து பார்த்தார். "பயப்படாமல் சொல்லம்மா. தமுக்கில் சொன்னது நிஜமா, பொய்யா?"

"நெசந்தானுங்க, சாமி" என்றாள். சொன்ன பிறகு குரல் தானாக வந்தது. "நூத்து முப்பத்திரண்டு பாட்டலும் திரும்பி வந்துதுங்க. என்ற பேச்சை நம்பித்தான் குடுத்தாங்க. இப்ப நான் பொய்யின்னு சொன்னா, நாளைக்கு வேற எவனாச்சும் வந்து என்ற சரக்கு கெட்டுப்போச்சு, குடிக்காதீங்கன்னு கூவுனா ஒருத்தராச்சும் திருப்பித் தருவாங்களா? நோம்பியில குழந்தைங்க குடிச்சிருமுங்களே. என்ற சோடாவுலதான் அவ விழுந்தா. என்னால அதை இல்லைன்னு சொல்ல முடியாதுங்க."

பாலசுந்தரம் காகிதங்களை எடுத்துக் கட்டினார். ஆனால் வெளியே வந்ததும், "நாப்பது கேஸ்ல ஜெயிச்சிருக்கறேன் பெரியநாயகி. இப்படித் தோத்ததில்லை" என்றார். அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

பதினைந்து நாளில் தீர்ப்பு வந்தது. தப்பு பெரியநாயகியுடையதுதான், ஆனால் தானே முன்வந்து மற்றவர்களைக் காப்பாற்றியிருக்கிறாள். ஆகையால் நூறு கேட்ட இடத்தில் நாற்பத்தைந்து ரூபாய். மாதம் மூன்று ரூபாய்த் தவணையாகக் கட்டலாம். தவணை தவறினால் ஜப்தி. அப்படி எழுதியிருந்தது.

முதல் மாதம் வெங்கலப் பாத்திரம் போயிற்று. இரண்டாம் மாதம் கடன். கதை தெரியாத வண்டிக்காரர்கள்தான் சோடா வாங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் கடையைப் பார்த்தால் அடுத்த பக்கம் திரும்பி நடந்தார்கள். பணம் வாங்க ராமாயி சந்தை நாளில் வருவாள். தெருவில் தள்ளியே நிற்பாள், வாங்குவாள், போய்விடுவாள். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் தவணை நாளில் சந்தை நிறையக் கூட்டம். ராமாயி வந்தாள். முடி ஒரு விரல் நீளம் வளர்ந்திருந்தது. ரோட்டு வேலைக்கும் மறுபடியும் போக ஆரம்பித்திருந்தாள். பெரியநாயகி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"ஒண்ணே முக்கால்தான் இருக்குது, ராமாயி" என்றாள். "பொய் சொல்லலை. வெறகுக்குப் போக மிஞ்சுனது இதுதான். மிஷினு உள்ளதான் நிக்குது. நீ கோர்ட்டுல சொல்லிக்கலாம், உனக்குப் பாத்தியம் இருக்குது."

ராமாயி காசை வாங்கவில்லை. கடைக்குள் எட்டிப் பார்த்தாள். அடுப்பில் அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொரு அண்டாவில் ஆறவைத்த தண்ணீர், மேலே வெளுத்த துணி. குழந்தைவேல் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பிச் சந்தையைப் பார்த்தாள். இவள் என்ன செய்யப்போகிறாள் என்று பாதிச் சந்தை இவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு சோடா குடுங்கக்கா" என்றாள் ராமாயி.

பெரியநாயகி இன்னும் காசைத்தான் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இஞ்சி சோடா. கேஸு நல்லா ஏத்திக் குடுக்கச் சொல்லுங்க."

உள்ளே சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. பெரியநாயகி பாட்டிலை எடுத்து வந்தாள். கோலியை அமுக்கவே இரண்டு தடவை ஆயிற்று. ராமாயி வாங்கினாள். தலையைப் பின்னால் சாய்த்து, சந்தைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு பெரிதாக ஏப்பம் விட்டாள். தேங்காய் விற்கிறவன் சிரித்தான். கொய்யாப்பழக்காரி, எனக்கொண்ணு குடு என்று எழுந்து வந்தாள்.

ராமாயி மடியிலிருந்து அரையணாவை எடுத்து நீட்டினாள். பெரியநாயகி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். கண்ணெல்லாம் நிறைந்து வழிந்தது.

"உங்கிட்டயா நான் காசு வாங்குவேன்? கொன்னாலும் வாங்க மாட்டேன், அம்மிணி."

"அட வாங்குங்கக்கா" என்று ராமாயி காசை அவள் கையைப் பிரித்து வைத்து அழுத்தினாள். "காசு குடுத்துக் குடிச்சாத்தானே நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மறுபடியும் உங்க மேல கேஸு போட முடியும்?"

உள்ளே குழந்தைவேல் சிரித்த சிரிப்பில் சக்கரம் நின்றுபோயிற்று. பெரியநாயகி அழுதுகொண்டே அவனை அதட்டினாள். வாசலில் ஏழு பேர் காத்திருந்தார்கள்.